நாற்பத்தொரு நோட்டு

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுதீங்களாம்மா? நான் உக்காந்துக்கிடுதேன். தென்காசிக்கா போறீங்க? நான் பாவூர்சத்திரத்துல இறங்கிருவேன். நிக்க முடியல. காலையில இருந்து இந்த வெயில்ல ஒரே அலைச்சல். எதுக்குன்னு கேட்டா சிரிப்பீங்க. ஒரு கையெழுத்துக்கு. பத்தாங்கிளாஸ் படிக்கிற ஒரு பிள்ளைகிட்ட ஒரே ஒரு கையெழுத்து. இருபத்தேழு வருஷமா பிள்ளைக நோட்டுல நான் கையெழுத்துப் போட்டேன். இன்னைக்கு ஒரு பிள்ளை வீட்டு வாசல்ல கையெழுத்து கேட்டு நான் போய் நிக்கேன். எல்லாம் தலையெழுத்து.

ஆமா, டீச்சர்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இங்கிலீஷ் டீச்சர். பொம்பளப் பிள்ளைக ஸ்கூலு. ஸ்கூல் பேரு வேண்டாம், நீங்க யாருக்கும் தெரிஞ்சவங்களா இருந்து தொலைச்சுட்டா அது வேற வம்பு. ரிட்டயர்டாக இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு மெமோ கிடையாது. லேட்டா போனது கிடையாது. ஆவுடையம்மா டீச்சர் கிளாஸ்னா ஒரு சத்தம் வராதுன்னு ஊருக்கே தெரியும். அப்படி இருந்தவ மேல, போற காலத்துல இப்படி ஒரு பழி.

எல்லாம் இந்தப் பாசிவ் வாய்ஸால வந்தது. நீங்க படிச்சிருக்கீங்களா? பத்தாப்பு வரைக்குமா? அப்ப ஞாபகம் இருக்கும். இல்லன்னாலும் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ராமு மாம்பழம் தின்னான்னு சொன்னா ஆக்டிவ் வாய்ஸ். மாம்பழம் ராமுவால தின்னப்பட்டதுன்னு சொன்னா பாசிவ் வாய்ஸ். தின்னவனப் பின்னால தள்ளிட்டு மாம்பழத்தைக் கொண்டாந்து முன்னால வைக்கணும். அம்புட்டுத்தான். இதை மாத்தி எழுதுன்னு வருஷா வருஷம் பரிட்சையில கேக்கான். வருஷா வருஷம் பிள்ளைக மாம்பழம் ராமுவத் தின்னுச்சுன்னு எழுதுது. தொண்டத் தண்ணி வத்த நடத்தியாச்சு, சார்ட்டுல எழுதி மாட்டியாச்சு, முட்டி போட வச்சாச்சு. ஒண்ணும் ஏறல.

இந்த ஜூலையில ஒரு ட்ரெய்னிங். மூணு நாள். சின்னப் பையன் ஒருத்தன் வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கான், எங்க சர்வீஸ் அளவுக்குக்கூட வயசு இல்ல அவனுக்கு. புஸ்தகத்துல உள்ள ராமுவையும் மாம்பழத்தையும் விட்ருங்க, பிள்ளைகளோட தினப்படி வாழ்க்கையில இருந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்க, தானா வரும்னான். சரி, அதையும்தான் பாப்பமேன்னு திங்கக்கிழமை வந்ததும் கிளாஸ்ல சொன்னேன். வீட்டுலயும் ஸ்கூல்லயும் தினமும் என்ன நடக்கோ அதைப் பாசிவ் வாய்ஸ்ல பத்து வாக்கியம் எழுதிட்டு வாங்கன்னேன்.

நாப்பத்தொரு பிள்ளைக. நாப்பதும் அம்மா சோறு பொங்குதா, அப்பா பேப்பர் படிக்காருன்னு எழுதி, அதையும் தப்பா மாத்தி வச்சிருக்கு. ஒருத்தி மட்டும் பத்தும் சரியா எழுதியிருந்தா. அனுசுயான்னு, கடைசி பெஞ்சு. ஒல்லியா, கருகருன்னு, வாயத் திறக்கவே மாட்டா. எனக்கு அப்படியே நெஞ்சு குளுந்து போச்சு. ஒரு எழுத்துப் பிழை கிடையாது பாத்துக்கிடுங்க. காலையில எட்டு மணிக்குக் கேட் வாச்மேனால திறக்கப்படுது. தொட்டியில இருந்து தண்ணி அனுசுயாவால எடுத்துட்டு வரப்படுது. பிளீச்சிங் பவுடர் வாச்மேனால குடுக்கப்படுது. கக்கூஸ் எல்லாம் அனுசுயா, மலர், ராதிகா மூணு பேரால கழுவப்படுது. இப்படியே பத்து. எல்லாம் இங்கிலீஷ்ல, நான் உங்களுக்காகத் தமிழ்ல சொல்லுதேன்.

நான் என்ன செஞ்சேன்? சிவப்பு மையில வெரி குட்டுன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். போட்டதோட விட்டனா? அங்கதான் சனி பிடிச்சுது. அந்தப் பத்து வாக்கியத்தையும் போர்டுல எழுதிப் போட்டு, இதுதாண்டி மாடல் ஆன்சர், எல்லாரும் அப்படியே நோட்டுல எழுதுங்கன்னு சொல்லிட்டேன். எழுதினத வாங்கித் திருத்தி, நாப்பத்தொரு நோட்டுலயும் ரைட் மார்க்குப் போட்டு, நாப்பத்தொரு கையெழுத்து. நோட்டு திருத்துறதுல என்னைய யாரும் குறை சொல்ல முடியாது. சில டீச்சருங்க இன்ஸ்பெக்சனுக்கு மொத நாள் உக்காந்து மொத்தமா ரைட்டு போடுவாங்க. நான் ஒவ்வொரு வரியாப் படிப்பேன்.

படிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமேங்கீங்களா? என்ன தெரியணும்? எனக்குத் தெரியாத விஷயமா அது?

சொல்லுதேன் கேளுங்க. எங்க ஸ்கூல்ல ஆயாம்மா ரிட்டயர்டாகி ஆறு வருஷம் ஆச்சு. ஆள் போடுங்கன்னு எழுதி எழுதிக் கை வலிச்சதுதான் மிச்சம். ஆள் வரலன்னா கக்கூஸ் தானா கழுவிக்கிடுமா? ஆபீஸ் ரூம் சுவத்துல ஒரு சார்ட் தொங்கும். பெருக்குறது யாரு, தண்ணி பிடிக்கிறது யாரு, செடிக்கு ஊத்துறது யாரு, கக்கூஸ் யாருன்னு. அது பாட்டுக்கு வருஷா வருஷம் நடந்துக்கிட்டு வருது. நான் கண்டுபிடிச்சதா அது? ஜூன் மாசம் புதுப் பேரு மாத்தி எழுதணும்லா, அதை மட்டும் நான் எழுதுவேன். என் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்னு ஹெச்செம் என்கிட்ட குடுத்துருவாங்க. மத்த வேலைக்குப் பேரு சுத்தி வரும். கக்கூஸுக்கு அந்தத் தெருப் பிள்ளைகதான். நீங்க ஒரு மாதிரியாப் பாக்கீங்க. யாரும் வேணும்னு செய்யல. அதுகளுக்குப் பழக்கம், முகஞ்சுளிக்காம செய்யும், வீடும் பக்கம்னு ஒரு இது. மத்த பிள்ளைகளச் சொன்னா அவங்க அப்பா அம்மா சண்டைக்கு வந்துருவாங்கள்ல.

சரி. ஆகஸ்ட்ல இன்ஸ்பெக்சன். வந்தது ஒரு பொண்ணு. முப்பது வயசுகூட இருக்காது, காட்டன் சேலை, தலைய அள்ளி முடிஞ்சு, ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது. ஆபீசர்னு சொன்னாத்தான் தெரியும். ஹெச்செம் அதைக் கூட்டிட்டு நேரா என் கிளாஸுக்கு வந்தாங்க. நல்ல கிளாஸ்னா என் கிளாஸத்தான் காட்டுவாங்க, அது எப்பவும் உள்ளது. வந்த பொண்ணு முதல் பெஞ்சுல ஒரு நோட்டை எடுத்துப் புரட்டிச்சு. யார் நோட்டு? எங்க தாளாளரோட தம்பி மக நோட்டு. அந்தப் பக்கத்துல வந்து நின்னுச்சு. ரெண்டு தடவ படிச்சுது. அடுத்த நோட்டை எடுத்துச்சு. அதுலயும் அதே. மூணாவது நோட்டு. அதுலயும் அதே.

இது யார் எழுதினதுன்னு கேட்டுச்சு. நான் பாராட்டப் போவுதுன்னுல்லா நினைச்சேன். நான் போர்டுல எழுதிப் போட்டது மேடம், பிள்ளைகளோட தினப்படி வாழ்க்கையில இருந்து எடுத்ததுன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுதேன். தினமும் இந்த மூணு பேரும்தான் கழுவுதாங்களான்னு கிளாஸப் பாத்துக் கேட்டுச்சு. கிளாஸ் மொத்தமும் சேந்து எஸ் மேடம்னு ஒரே குரல்ல சொல்லிச்சு. அப்படிச் சொல்லப் பழக்கினதும் நான்தான். மூணு பேரும் எந்திரிச்சு நில்லுங்கன்னுச்சு. நின்னாங்க. உங்க வீடு எங்கன்னு கேட்டுச்சு. மூணு பேரும் ஒரே தெருவச் சொன்னாங்க. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு நோட்டு மூணையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிருச்சு.

பின்ன எனக்குக் கோவம் வராதா? அனுசுயாவக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொன்னேன். உனக்கு எழுத வேற வாக்கியமே கிடைக்கலையாட்டி, ஊர் சிரிக்க வச்சுட்டியேன்னு கேட்டேன். அடிக்கல்லாம் இல்ல. கிளாஸ்ல எல்லாரும் பாக்கத்தான் கேட்டேன், அதுல என்ன இருக்கு, நான் டீச்சர்லா? மறுநாள்ல இருந்து பிள்ளை வரல. பத்தொன்பது நாள். அது வேற ஒரு தலைவலி. பப்ளிக் எக்ஸாம் எழுதுற பிள்ளைக லிஸ்டு அனுப்புற நேரம், வருகை குறைஞ்சா பேரு அடிபடும். நல்லா எழுதுற பிள்ளை. என் பாடத்துல தொண்ணூறுக்கு மேல வாங்குவா.

மெமோ வந்துச்சு. என் பேருக்கு மட்டும். ஹெச்செம்முக்கு இல்ல, தாளாளருக்கு இல்ல. அதைத்தாம்மா என்னால தாங்க முடியல. ஹெச்செம் சொல்லுதாங்க, நோட்டுல இருக்கிறது உங்க கையெழுத்துத்தான டீச்சர், சார்ட்டுல இருக்கிறதும் உங்க எழுத்துத்தானன்னு. அந்த சார்ட்டை எழுதுங்கன்னு என் கையில குடுத்ததே அந்த மகராசி. ஊரே கூடித் தேர இழுக்கும், சக்கரம் ஏறுனா வடத்தப் பிடிச்ச ஒருத்திதான் காரணமாம். நல்ல ஞாயம்.

நானும் விடல. உக்காந்து பதில் எழுதினேன். நல்ல ஆபீஸ் தமிழ். கழிப்பறைகள் மாணவியரால் முறை வைத்துச் சுத்தம் செய்யப்பட்டு வந்தன. இவ்வழக்கம் பல்லாண்டுகளாகப் பின்பற்றப்பட்டு வருகிறது. முறைப் பட்டியல் ஆண்டுதோறும் தயாரிக்கப்படுகிறது. எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. ஒரு பக்கம் முழுக்க எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்துல திரும்பி வந்துச்சு. அந்தப் பொண்ணு சிவப்பு மையில அங்கங்க வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்துலயும் ஒரே கேள்வி எழுதியிருக்கு. யாரால், யாரால், யாரால்னு. பேப்பர் திருத்துதாளாம் எனக்கு. இருபத்தேழு வருஷம் நான் திருத்தினேன், எனக்கு ஒருத்தி திருத்துதா. அந்தப் பக்கத்தக் கையில வச்சுக்கிட்டு ஸ்டாஃப் ரூம்ல அழுதேம்மா. வெக்கத்த விட்டுச் சொல்லுதேன், அழுதேன்.

செவ்வாக்கிழமை என்கொயரி. ஹெச்செம்தான் வழி சொன்னாங்க. அந்தப் பிள்ளைகிட்டயும் அம்மாகிட்டயும் ஒரு லெட்டர் வாங்கிருங்க டீச்சர், நானே விருப்பப்பட்டுத்தான் செஞ்சேன், யாரும் சொல்லலன்னு எழுதி ஒரு கையெழுத்து வாங்கிட்டீங்கன்னா முடிஞ்சுதுன்னாங்க. மத்த ரெண்டு பிள்ளைகளும் இவ சொன்னாத் தலையாட்டிரும்னாங்க. அதான் லெட்டர நானே டைப் அடிச்சு எடுத்துக்கிட்டு இன்னைக்குக் கிளம்பினேன்.

இந்தாங்க, கலர் குடிக்கீங்களா? திறக்கல, அப்படியே இருக்கு. வேண்டாமா? எனக்கும் வேண்டாம். அவங்க வீட்டுல குடுத்தது.

அந்தத் தெரு எம்புட்டுத் தூரம்னு இன்னைக்குத்தாம்மா எனக்குத் தெரியுது. ஸ்கூல் ஸ்டாப்புல இருந்து வேற பஸ் ஏறி, அதுவும் பாதியில இறக்கி விட்டுட்டான். அங்க இருந்து ஓடைய ஒட்டி நடக்கணும். ரெண்டு கிலோ மீட்டர் இருக்கும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. நான் பக்கத்துலன்னுல்லா நினைச்சிருந்தேன். எட்டு மணிக்கு ஸ்கூல்ல நிக்கணும்னா அந்தப் பிள்ளை ஆறே முக்காலுக்குக் கிளம்பியிருக்கணும். ஒரு நாள் லேட்டா வந்தது கிடையாது. அதை நான் சொல்லியாகணும்.

அம்மாக்காரி பேரு வெள்ளையம்மா. டவுன் பஞ்சாயத்துல தூய்மைப் பணி. அப்பத்தான் வேலை முடிஞ்சு வந்திருப்பா போல, மேல அந்தப் பச்சைக் கோட்டுக்கூடக் கழத்தல. என்னையக் கண்டதும் பதறிட்டா. பக்கத்து வீட்டுக்கு ஓடிப் போய் ஒரு நாற்காலி வாங்கிட்டு வந்து துடைச்சுப் போட்டா. அனுசுயாவக் கடைக்கு விரட்டி இந்தக் கலர வாங்கிட்டு வரச் சொன்னா. வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க டீச்சர், திறக்காத பாட்டில்தான்னா. நான் இன்னைக்கு விரதம்னுட்டேன். அவ அதுக்கு மேல வற்புறுத்தல. மரியாதை தெரிஞ்ச பொம்பளதான், நான் ஒண்ணும் குறை சொல்லல.

எம்மவ நல்லாப் படிக்காளா டீச்சர்னு கேட்டா. பப்ளிக் பரிட்சைக்குப் படிக்க லீவு விட்டிருக்கீங்களாம், அனுசு சொன்னான்னா. பத்தொன்பது நாளா இந்தப் பிள்ளை அம்மாகிட்ட அப்படிச் சொல்லிட்டு வீட்டுல இருந்திருக்கு.  செவ்வாக்கிழமை ஒரு ஆபீசரம்மா என்கொயரி வச்சிருக்காங்க, இதுல ஒரு கையெழுத்து வேணும்னு லெட்டர எடுத்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர், ஏ அனுசு, நீ படின்னா.

பிள்ளை வாங்கிச்சு. படிக்கல. சும்மா பாத்துக்கிட்டே நிக்கு. படிட்டின்னு அம்மாக்காரி ஒரு அதட்டு. அதுக்கப்புறம் மெதுவாப் படிச்சுது. பள்ளிக் கழிப்பறைகளை இரண்டு ஆண்டுகளாக நானே என் சொந்த விருப்பத்தின் பேரில் சுத்தம் செய்து வந்தேன்னு. அந்த இடம் வந்ததும் வெள்ளையம்மா மொகத்தப் பாக்கணுமே. நம்மகிட்ட ஏதும் வாங்கித் தின்னுட்டு ஏமாத்திட்டாங்கன்னா ஒரு மொகம் வருமில்லா, அப்படி.

அவளுக்குத் தெரியாதாம்மா. ரெண்டு வருஷமா தெரியாது. பிள்ளை மேல பிளீச்சிங் வாடை அடிக்கும்போதெல்லாம் சயின்ஸ் லேப்புல மருந்து கலக்குற வேலைம்மான்னு சொல்லியிருக்கா.

"நான் ஆபீஸ் பூராச் சொல்லிட்டு அலைஞ்சேனே டீச்சர்," அந்தப் பொம்பள சொல்லுதா. "எம்மவ லேப்புல வேலை செய்யுதா, டாக்டர் மாதிரி கோட்டுப் போட்டுக்கிட்டு மருந்து கலக்குதான்னு. என் கையிலயும் அதே வாடை, எனக்கு எப்படித் தெரியும்?"

 வேலைன்னா எல்லாம் ஒண்ணுதான் வெள்ளையம்மா, அதுல கேவலம் என்ன இருக்குன்னேன். நல்லதாத்தான சொன்னேன்? அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. அப்புறம் சொன்னா, "அங்க போயும் இதுதான்னா இவ எங்கூடயே வரட்டும் டீச்சர். எனக்காவது சம்பளம் குடுக்காங்க."

திமிரப் பாத்தீங்களா? இல்ல, திமிருன்னு சொல்லக் கூடாது. வயித்தெரிச்சல்ல சொல்லுதா. ஆனா எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அனுசுயா ஓன்னு அழுதுட்டா. நான் வேலைக்குப் போக மாட்டேம்மா, நான் பரிட்சை எழுதணும்னு அம்மா கோட்டப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நான் கையெழுத்துப் போட்டாப் பரிட்சை எழுத விடுவீங்களா டீச்சர்?"னு கேட்டா. விடுவேன், நான் பொறுப்புன்னேன். சத்தியமா விட்டிருப்பேன், நான் ஒண்ணும் கொலைகாரி இல்ல. பேனாவ வாங்கினா. சுவத்துல வச்சுக் கையெழுத்துப் போட்டா. இங்கிலீஷ்ல, சாய்ச்சு, அழகா. நான் சொல்லிக் குடுத்த எழுத்து.

அம்புட்டுத்தான், முடிஞ்சுது. லெட்டர் என் கையில. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அந்த நேரத்துல பிள்ளை மேல ஒரு பாசம்கூட வந்துச்சு. திங்கக்கிழமை வரட்டுமா டீச்சர்னு கேட்டா. வா, கண்டிப்பா வா, விட்ட பாடத்தையெல்லாம் நானே சொல்லித் தாரேன்னு தலையத் தடவிக் குடுத்தேன். குடுத்துட்டு, வாயில வழக்கமா வாரதுதான, எட்டு மணிக்கே வந்துருட்டி, நீ இல்லாம பத்தொன்பது நாளா கக்கூஸ் பக்கம் நிக்க முடியலன்னு சொல்லிட்டேன்.

 பிள்ளை சரி டீச்சர்னுதான் சொல்ல வந்தா. வாயத் திறந்தா. அதுக்குள்ள வெள்ளையம்மா கைய நீட்டினா. அந்தக் காகிதத்தக் குடுங்க டீச்சர், ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்னா. படிக்கத் தெரியாதவ என்னத்தப் பாக்கப் போறான்னு குடுத்துட்டேன். அவ பாக்கக்கூட இல்ல. நாலா மடிச்சா. பச்சைக் கோட்டுப் பைக்குள்ள வச்சுப் பட்டனப் போட்டா.

"என்கொயரி செவ்வாக்கிழமைன்னுதான சொன்னீங்க? இதை நானே கொண்டு வாரேன். அந்த ஆபீசரம்மா கையிலயே குடுத்துட்டு, நடந்ததையும் சொல்லிருதேன்."

நான் எவ்வளவோ கெஞ்சினேம்மா. ஒண்ணரை வருஷம், பென்சன், எல்லாத்தையும் சொன்னேன். அவ அசையல. கலர் பாட்டில எடுத்து என் பையில வச்சா. வாசல் வரைக்கும் வந்தா. நல்ல பொம்பள மாதிரி பாத்துப் போங்க டீச்சர், ஓடைக்கரை வழுக்கும்னா. அப்புறம் சொன்னா, "எம்மவ திங்கக்கிழமை வருவா. பரிட்சையும் எழுதுவா. ஒம்பது மணிக்கு வருவா டீச்சர், எல்லாப் பிள்ளைகளும் வார நேரத்துக்கு."

இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க. நான் அப்படி என்ன கேட்டுட்டேன்? ஊரு உலகத்துல நடக்காததா? நான் என்ன புதுசாவா சொன்னேன்? என் வாயில தினமும் வாரது அது. ரெண்டு வருஷமா நான் எட்டு மணிக்கு வாடின்னு சொன்னேன், அவளும் வந்தா. இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?

 ஏன் எந்திரிக்கீங்க? தென்காசி இன்னும் வரலியே. இங்கயா இறங்கப் போறீங்க? சரி, சரி, இறங்குங்க. பைய எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு, நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒம்பது மணிக்கு வந்தா ஒம்பதே காலுக்கு மணி அடிச்சுரும். அப்புறம் அதை எப்பக் கழுவ?